கித்தார் எதிர் ஆர்மோனியம்

26.11.2007, திங்கள்

காலையிலிருந்து மழை. பலாங்கொடை நீதிமன்றில் இரண்டு வழக்குகள், இரண்டும் ஒத்திவைப்பு.

மாலை, தோட்டத்துக் கோயில் பலகையில் நத்தார் கரோல் பட்டியல். ஆர்மோனியம்: சவரிமுத்து மாஸ்டர். கித்தார்: வெற்றிடம். என் பெயர் கடைசி வரியில். "குடை." அதாவது, ஆர்மோனியம் நனையாமல் பிடிப்பவர்.

சென்ற ஆண்டு நடந்ததை இதுவரை எழுத்தில் பதியவில்லை. பதிகிறேன். இடம்: தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா முற்றம். இரண்டாம் பாட்டின் நடுவே சவரிமுத்து (தோட்டப் பாடசாலை ஆசிரியர், பாடகர் குழுத் தலைவர், இனி இங்கே "பிரதிவாதி") என் கித்தார்த் தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். "லோயரய்யா, சுருதி சேரலீங்க. நீங்க சும்மா புடிச்சிக்கிட்டு நில்லுங்க, அதுவே அழகா இருக்கு." துரையின் மனைவி சிரித்தார். என் மனைவியும்.

என் தரப்பு: கித்தார் சரி. பிழை அந்தப் பழைய ஆர்மோனியத்தில். நிரூபிக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும்.

28.11, புதன்

பஸ் நிலையத்துக்கு எதிரே கொமியூனிகேஷன் கடை. சுருதி சேர்க்க இன்டர்நெட்டில் கருவிகள் உள்ளன என்று கேள்விப்பட்டது உண்மையே. கித்தாரைக் கொண்டுசெல்லவில்லை, பஸ்ஸில் எவராவது கண்டால் செய்தி எனக்கு முன்னே மலையேறிவிடும். மூன்றைப் பரிசீலித்தேன்.

அ) கித்தார்ப் படம். தந்தியை அழுத்தினால் ஒரே தடவை ஒலிக்கும். காதில் நிற்பதற்குள் போய்விடுகிறது.

ஆ) மைக்கில் கேட்டு ஊசியால் காட்டுவது. முனகிப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் குவைத்துக்குப் பேசி அழுதுகொண்டிருந்தார். ஊசி அவருடைய அழுகைக்கும் ஆடியது. யார் சொன்னாலும் தலையாட்டும் சாட்சி. நிராகரிப்பு.

இ) நிறுத்தும்வரை ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பத் தருவது. குறுக்கு விசாரணையிலும் மாறாது.

தெரிவு: இ.

30.11, வெள்ளி

கசெட் ரெக்கோடருடன் அதே கடை. கடை மின்சாரத்தில் செருகி, ஆறு தந்திகளின் ஒலியையும் பதிந்தேன். கடைசித் தந்தியின்போது கடைக்காரி சுஜீவா குருவிக் குரலில், "மாத்தயா, சத்தே அடு கரன்ன!" சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம். அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்கவில்லை. சான்று திருத்தப்படாதது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

1.12, சனி

மின்வெட்டு. ரெக்கோடரில் நான்கு பேட்டரிகள். பெரிய வெள்ளிக்கு வாங்கியவை, அதிகம் பாவிக்கவில்லை. டேப்புக்கு இணங்கக் கித்தாரைச் சேர்த்தேன்.

பிறகு கோயில். உபதேசியார் கதவைத் திறந்துவிட்டார். டேப்பையும் ஆர்மோனியத்தையும் மாறி மாறிக் கேட்டோம். ஆர்மோனியம் ஏறத்தாழ அரை ஸ்வரம் மேலே நிற்கிறது! உபதேசியாரும் ஒப்புக்கொண்டார்: "ஆமாங்க, ரெண்டும் ஒட்டலீங்க." எழுதித் தரும்படி கேட்டேன். "எனக்கெதுக்குங்க வம்பு."

டேப்பின் கடைசிவரை ஓடவிடவில்லை. அவசியமில்லை.

நாளை ஒத்திகையில் சொல்ல வேண்டிய வாக்கியம் தயார்: "மாஸ்டர், நீங்க சும்மா தொறந்து வச்சிக்கிட்டு உக்காருங்க, அதுவே அழகா இருக்கு." கண்ணாடி முன் மூன்று முறை. பல நாட்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

2.12, ஞாயிறு

பூசைக்குப் பின் ஒத்திகை. பதினெட்டுப் பேர். கோயிலில் மின்சார இணைப்பு இல்லை; பேட்டரியிலேயே போட்டேன்.

டேப் ஒலித்தது. என் கித்தார் அதனோடு பொருந்தியது. ஆர்மோனியம் பொருந்தவில்லை. பிரதிவாதி கட்டைகளை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப இத்தன வருசமா நாமதான் பெசகா?" என் வாக்கியத்தைச் சொன்னேன். நிதானமாக, ஒரு சொல்லும் தவறாமல்.

அந்த இன்பம் அரை நிமிடம். டேப்பை நிறுத்த மறந்தேன்.

கடைசித் தந்தி முடியும் தறுவாய். அதன்மேல் ஒரு தடித்த ஆண் குரல், இழுத்து இழுத்து: "மாத்தயாஆ, சத்தேஏ..."

பின்வரிசையில் பாடும் பவுலின் அக்கா: "அட, இது கொமியூனிகேஷன் சுஜீவா இல்ல? அவளுக்கு எப்ப மீச மொளச்சிச்சு?"

கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள். பிரதிவாதி மட்டும் சிரிக்கவில்லை. தன் டோர்ச்சிலிருந்து இரண்டு, உபதேசியாரின் டோர்ச்சிலிருந்து இரண்டு பேட்டரிகளைக் கழற்றி ரெக்கோடரில் போட்டார். சுஜீவாவுக்குக் குருவிக் குரல் திரும்பியது. டேப்பும் ஆர்மோனியமும் ஒன்றாயின. என் கித்தார் மட்டும் கீழே.

அவரே கித்தாரை வாங்கி, என் டேப்புக்குச் சேர்த்துத் தந்தார். "டேப் நூறு வீதம் சரிங்க லோயரய்யா. நல்ல வேல பாத்திருக்கீங்க. பேட்டரிதான் சோந்துபோச்சு." பட்டியலில் "குடை"யை வெட்டி, கித்தாருக்கு எதிரே என் பெயர். கைதட்டல். என் மனைவியும்.

மன்னித்துவிட்டார். பதினெட்டுப் பேர் முன்னிலையில். தந்தியில் வைத்த கையைவிட இது பாரம். மேன்முறையீட்டுக்கும் இடமில்லை.

4.12, செவ்வாய்

மழை விட்டது. பிரதிவாதி வீட்டுக்கே வந்தார். தை மாதம் எஹலியகொடையில் பாட்டுப் போட்டியாம்; அங்குள்ள ஓர்கனோடு தானே கித்தார் வாசிக்கப் போகிறாராம். பழகுவதற்கு என் டேப்பின் பிரதி ஒன்று வேண்டும்.

"அதுக்கென்னங்க மாஸ்டர், அடிச்சித் தாறேன்" என்றேன். தேநீர் கொடுத்தேன்.

அவர் போன பிறகு, மனைவி அந்தப் பழைய பேட்டரிகளைக் குப்பைக்கு எடுத்துப் போனாள். வாங்கி, பிரதி எடுக்கும் நாளுக்கென்று இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நான்கும் உள்ளன.