நீட்டிய கை

அன்புள்ள அண்ணா,

தேவாலயத் திருவிருந்துக்கு நம் லூயிஸ் தீவுக்கு வா, அப்பா இடத்தில் நான்தான் இப்போது சபை மூப்பர், உன் அனுமதி வில்லையை என் கையாலேயே தருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கூடவே, "உன் நாவல்ல எல்லாம் ஏம்மா இவ்வளவு இருட்டு? செத்துப்போன அப்பா மானத்த வாங்குறியே" என்று ஒரு கேள்வி.

பத்திரிகைக்காரர்களும் அதையேதான் கேட்கிறார்கள். எங்கள் தீவு வானிலை அப்படி என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

நாம் சிறுவர்களாக இருந்தபோது, திருவிருந்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை அப்பா ஈய வில்லைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வில்லை இல்லாதவர்களுக்கு மறுநாள் திருவிருந்து கிடையாது. அம்மா கை நீட்டினாள்.

"வேலையே செய்யக்கூடாத ஞாயிறு ஓய்வுநாள்ல துணி காயப்போட்ட கை இது. தள்ளு, அடுத்தவங்க வரட்டும்."

"பிள்ளைக்கு வயித்தால போச்சுங்க. மாத்துத் துணி இல்ல."

அப்பா நிமிரவே இல்லை. நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் சபை முழுக்கப் பார்க்க அம்மா நின்றாள். என் கதைகளில் பிணங்களெல்லாம் கை நீட்டியபடியே கிடப்பது அதனால்தான்.

ஆறு நாவல்களில் அப்பாவைக் கொன்று தீர்த்துவிட்டேன். ஆனால் வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றவன் நீ. அவளை ஒதுக்கிவிட்டுக் கை நீட்டி உன் வில்லையை வாங்கிக்கொண்டாய்.

திருவிருந்துக்கு நான் வரப்போவதில்லை. ஏழாவது நாவலைத் தொடங்கிவிட்டேன்.

உன் தங்கை