ஈக்யூ முதலில், கம்ப்ரசர் அப்புறம்

இன்று காலை உங்கள் ஒலிக்கருவிகளில் கம்ப்ரசரைப் போட்டதும், அதற்குள் படிந்திருந்த பஞ்சுத் தூசி சூடாகி அந்த வாசம் வந்தது. சோமனூரில் எதைத் துடைத்தாலும் மறுநாளே பஞ்சு படிந்துவிடுகிறது. உங்களிடம் சொல்லத் திரும்பினேன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது மாமா.

பதிவான பாட்டுகளுக்குக் கடைசி மெருகு ஏற்றுவது உங்கள் தொழில். ஒருநாள் கும்மிப் பாட்டுக்கார அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏனுங்க, பாட்டு காதுல ஊசியாட்டம் குத்துதுங்க." நீங்கள் மறுத்தீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன்; குத்தியது. மெல்லிய கீச்சொலிகள் உங்களுக்குக் கேட்காததால், அவற்றை ஏற்றிக்கொண்டே போயிருந்தீர்கள்.

இளவயதில் விசைத்தறிகளின் இரைச்சலுக்கு நடுவே நின்றதன் விளைவு என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். தொழிலை விட்டுவிடலாம் என்றீர்கள்.

மறுநாள் சமையலை முடித்துவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மாமா. குத்துனா குத்துதுன்னு சொல்றேன்."

"அது போதும் அம்மிணி. இந்த ஊட்டுல இனி ரெண்டு காதுதான். அது உன்றது."

சத்தம் மிஞ்சினால் அமுக்குகிற கம்ப்ரசரை முதலில் வைப்பது உங்கள் பழக்கம். பம்பை மேளத்தில் அடி விழும்போதெல்லாம் பாடுகிறவர் குரலும் சேர்ந்து அமுங்குகிறது என்றேன். கொஞ்சம் யோசித்து, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்யூவை முன்னால் கொண்டுவந்தீர்கள்; பம்பையின் கனத்தை அதில் குறைத்த பிறகே கம்ப்ரசருக்கு அனுப்பினீர்கள். குரல் மேலே வந்தது. "வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். என் முகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.

காய்ச்சல் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நீங்கள் திரும்பி வரவில்லை. பாதியில் நின்ற காவடிப் பாட்டை நானே முடித்தேன். உச்சங்களை வெட்டி மொத்தச் சத்தத்தை ஏற்றுகிற லிமிட்டர் கடைசியில் வரும்; அதை இறுக்கினால் சத்தம் கூடியது. பாடியவரின் மூச்சு நசுங்கியது. தளர்த்திவிட்டேன்.

"சத்தம் கம்மியா இருக்குதுங்களே?" என்றார் பாடியவர்.

"இருக்கட்டுங்க. உங்க மூச்சு கேக்குதில்லீங்க."

சரியாகத்தான் செய்தேனா என்று கேட்க ஆளில்லை.

நேற்று நம் மகள் கேட்டாள், "ஏம்மா, இன்னும் தடிச்ச கொரல்லயே பேசறீங்க?" கீச்சுக் குரல் உங்களுக்கு எட்டாது என்பதால் அடித்தொண்டையில் கனமாகப் பேசிப் பழகிய குரல். ஆஸ்பத்திரியில் கடைசியாக உங்களைக் கூப்பிட்டபோது மட்டும் அழுகையில் அது கீச்சென்று உடைந்துபோனது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

மகளிடம் அதைச் சொல்லவில்லை. அதே தடித்த குரலில், "பழகிருச்சு கண்ணு" என்றேன்.