ஆம்ப்ளிஃபயர் மேல தப்பில்ல

ஏங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஆம்ப்ளிஃபயரைத் திரும்ப எடுத்துக்கக் கடைக்காரர் வந்தா, வேணாம்னு அனுப்பிடுங்க. சத்தம் பத்தலன்னு நேத்து என்கிட்ட எகிறினீங்களே, அது மேல ஒரு தப்பும் இல்ல. வூஃபர் ஸ்பீக்கர் சும்மா இருக்கும்போது மீட்டர் வெச்சு, எதிர்ப்பு ஒரே ஒரு ஓம்தான், சத்தம் பிச்சுக்கும்னு குதிச்சீங்க. பாட்டு ஓடும்போது நான் வோல்டேஜையும் கரண்ட்டையும் அளந்து வகுத்துப் பார்த்தேன், மூணு ஓம் வருது. எதிர்ப்பு ஏறினா பவர் குறையாதா?

நீங்களும் அதே ரகம்தான். சோபால சாஞ்சிருக்கும்போது எது சொன்னாலும் "சரிம்மா". வேலைன்னு எழுப்பினா இடுப்பு வலி, முட்டி வலி, போன் வந்துடும். இருந்தாலும் உங்களைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரல.

மறந்துட்டேன்: வாஷிங் மெஷின்ல துணி இருக்கு, காயப்போடுங்க. இப்பவே "சரிம்மா"ன்னு தலையாட்டியிருப்பீங்க. சாயங்காலம் மீட்டரோட வர்றேன்.