பண்ணைக்காட்டு சம்பந்தியும் கரண்டுச் சட்டியும்

13 பிப்ரவரி 1983, ஞாயிறு

ஊருக்குத் திரும்புகிற அமெரிக்க டீச்சர் என் வீட்டுக்காரரிடம் ஒரு கரண்டுச் சட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். விடியற்காலையில் மாட்டுக்கறியும் கிழங்கும் போட்டு மூடினால் மத்தியானம் ஸ்டூ தயாராம். நடுவில் மூடியைத் தொடவே கூடாதாம். ஆபீசில் டைப் அடிக்கிற மனுஷனுக்குச் சமையலில் என்ன சோலி? செவ்வாய்க்கிழமை மகள் லீலாவின் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பண்ணைக்காட்டிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா சிலுவைராஜ் வருகிறார். அன்றைக்கு ஸ்டூதானாம். என் பேச்சு என்றைக்கு எடுபட்டது?

14 பிப்ரவரி

புதனோடு தபசு காலம் தொடங்கிவிடும். சிலுவைராஜ் ஆசாரக்காரர், அப்புறம் ஈஸ்டர் வரை கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டார். அதற்குள் வத்தலக்குண்டில் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டால்? லீலா பையனின் போட்டோவை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். நாளைக்கே முடியணும், மாதாவே.

15 பிப்ரவரி

காலையிலேயே கரண்டு போய்விட்டது. கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் கறி கல்லு மாதிரி கெடக்கு. விறகடுப்பில் வைக்கிறேன் என்றால், "மூடியத் தொறக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காங்க" என்று சட்டிக்குக் காவல் நிற்கிறார். பெண்ணைப் பெத்தவர்தானா இவர்? வந்தவர் பசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டு வருவதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ராத்திரி ரசமும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணப் பேச்சை எடுக்காமலே படுத்தார். எல்லாம் போச்சு. அழுதேன்.

16 பிப்ரவரி, சாம்பல் புதன்

ஸ்டூ வெந்துவிட்டது. என்றைக்கு? இன்றைக்கு! ஒருசந்தி, சுத்தபோசனம், கறியை வாயில் வைக்க முடியாத நாள். வீடு முழுக்க வாசனை. கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்த சிலுவைராஜ் அடுப்படி வாசலிலேயே நின்றார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இவர் நினைவுபடுத்தினார். அவருக்கு முழங்கால் வலிக்கிறதாம், நாளைக்குப் போகிறாராம்.

17 பிப்ரவரி

வெள்ளனே எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியைக் காணோம். "வியாழக்கெழமைக்குத் தடை ஒண்ணும் இல்லீங்களே" என்று அவரே ஆரம்பித்தார். மூன்று தட்டு! கை கழுவும் முன்பே, தபசு காலத்தில் பேசக்கூடாத கல்யாணத்தையும் பேசி முடித்துவிட்டார்.

"நகை நட்டெல்லாம் வேணாங்க. புள்ளையோட அந்தச் சட்டியும் வந்துரட்டும்."

இவர் முகத்தைப் பார்க்கணுமே.

12 ஜூன் 1983

லீலாவைப் பார்க்கப் பண்ணைக்காடு போய்வந்தோம். அந்த வீட்டுக்கு இன்னும் கரண்டே இழுக்கவில்லை! அத்தனை விசாரித்தோம், இதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சட்டி திரு இருதயப் படத்துக்குக் கீழே கொலுவிருக்கிறது, உள்ளே குழம்புக்குப் போடும் மிளகு. எங்களோடு சாப்பிட உட்கார்ந்த சொந்தக்காரர்களிடம், "எல்லாம் அந்தச் சட்டியோட ருசிங்க" என்று சம்பந்தி பெருமை அடித்தார்.

பின்கட்டில் லீலா விறகடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள், கண்ணெல்லாம் கலங்கி. அழுகிறாயா என்று கேட்டேன்.

"பொகைம்மா. ருசி சட்டியோடது இல்லைன்னு நீ சொல்லிராத, மாமா சந்தோசமா இருக்கட்டும்."

மாப்பிள்ளை பக்கத்தில் குத்தவைத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.