ஊட்டியிலிருந்து வாங்கிய ஜீப்

ஐப்பசி 12, வியாழன்

கார் போகாத சேற்று ஊர்களுக்கும் பிரசவம் பார்க்கப் போகலாமென்று, ஊட்டி எஸ்டேட் ஒன்றிலிருந்து இந்தப் பழைய ஜீப்பை வாங்கி வரவழைத்தேன். இன்று முதன்முதலாக அதில், நிறைமாதமாக இருந்த செல்லம்மாவைப் பார்க்கப் போனேன். சத்தம் கேட்டதுமே தெரு முழுவதும் வயலுக்குள் ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஓடும்போது வரப்பில் விழுந்துவிட்டாளாம்.

"கூலி கேட்டதுக்கு மிராசுதார் ஆளுங்க இதே மாதிரி ஜீப்புலதாம்மா வந்து அடிச்சாங்க. நீங்கன்னு தெரியாமப் போச்சு" என்று அழுதான்.

மயங்கிக் கிடந்தவளை அந்த ஜீப்பிலேயே மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. சாயங்காலம் கண் விழித்தவள், "ஜீப்பு போயிடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"போயிடுச்சு" என்றேன். அதில்தான் அவளைக் கொண்டுவந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.