அயர்லாந்திலிருந்து வந்த மண்

குச்சவெளி
12.06.1974

அன்பு மகன் றொபேட்டுக்கு,

என் இருமலைத் தவிர இங்கே யாருக்கும் ஒரு குறையுமில்லை. அந்தக் குளிரில் உன் சுகத்தையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருக்கிறேன்.

நீ ஊருக்கு வந்த பாதரிடம் கொடுத்துவிட்ட கறுத்த மண்கட்டி உன் கடிதத்துக்கு முந்தியே வந்துவிட்டது, அதுதான் வினை. அயர்லாந்திலிருந்து பாதர் கையால் மண் வந்தால் அம்மா வேறென்ன நினைப்பாள்? ஏதோ கோயில் மண் என்று பாதியை அலுமாரியில் மடு மாதா கோயில் மண்ணோடு வைத்தாள், மீதியை மடு மண்ணைத் தூவுகிறதுபோலப் பாம்பு அண்டாதபடி வீட்டைச் சுற்றித் தூவினாள், பக்கத்து வீட்டு அன்னலட்சுமிக்கும் ஒரு பிடி கொடுத்தாள். குருமடத்தை விட்டு நிலம் படிக்கப் போனாய் என்று மூன்று வருடமாய் உன் பேரையே எடுக்காதவள், அன்று உன் அக்காவிடம், அவன் மனந்திரும்பிவிட்டான் எண்டு சொல்லி அழுதாள். பிறகு உன் கடிதம் வந்தது, அது வெறும் சதுப்பு மண் என்று. அதை அவளுக்கு எப்படி வாசிப்பது? சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

அந்தக் காலத்தில் ஐஸ் மலைமலையாய் ஊர்ந்து நாட்டையே சுரண்டிப்போனது என்றதை முதலில் நானும் நம்பவில்லை. இத்தனை வருடமாய் மீனுக்கு ஐஸ் போடுகிறவன், அது நிலம் தோண்டி நான் கண்டதில்லை. பிறகு மீன் வாடியில் வேலைசெய்யும் ஸெய்னுதீன் ஒரு ஐஸ் கட்டியை இழுத்துப்போகப் பார்த்தேன், அடியில் ஒட்டின பருமணல் சீமெந்துத் தரையைக் கோடுகோடாய்க் கீறிவிட்டது. ஒரு கட்டிக்கே இப்படியென்றால் மலையளவு ஐஸ் பள்ளம் பறிக்காதா? உருகும்போது அரைத்த களிமண்ணை விட்டுப்போனது, களி தண்ணீரைக் கீழே விடாது, தேங்கின தண்ணீரில் பாசி செத்து உக்காமல் படிந்து படிந்து இந்த மண்ணாயிற்று, ஐஸ் எங்கே பள்ளமும் களியும் விட்டதோ அங்கேதான் சதுப்பு என்று எழுதியிருந்தாய். சரிதான். எங்கள் மணலில் மாரி மழையே நில்லாது, என்ன படியப்போகிறது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அம்மா குசினியில் மீன் வெட்டும்போது முழுவதையும் வாசித்தேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். அன்னலட்சுமிக்குச் சொல்லாதேங்கோ, அவ நிம்மதியாய்ப் படுக்கட்டும் எண்டாள், அவ்வளவுதான். நீ இரும்புக் கம்பியோடு தனியாய்ப் போய்ச் சதுப்பின் ஆழம் பார்ப்பதையும், காலடியில் நிலம் ஆடுவதையும், கம்பி ஆளுயரத்துக்கு மேல் இறங்குவதையும் வாசிக்கக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த இடத்தை இன்னொருக்கா வாசியுங்கோ எண்டாள். வாசித்தேன். எழும்பிக் கை கழுவப் போய்விட்டாள்.

கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பூசைக்குப் போக ஏலாவிட்டாலும் படுக்குமுன் ஒரு செபம் சொல். மாதா உன்னைக் காப்பாராக.

அன்பு அப்பா,
இக்னேசியஸ்

ஒட்டப்போன கடிதத்தை அம்மா வாங்கிக்கொண்டு பேனை கேட்கிறாள். இடம் விடுகிறேன்.

தம்பி, தனிய அந்த நிலத்துக்குப் போகாதை. ஆரையாவது கூட்டிக்கொண்டு போ. அம்மா.