கடைசி மூன்று வரிகள்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருபது அடி தள்ளிப் போய் நின்றது. கைப்பை ஒரு பக்கம், சாப்பாட்டுப் பை ஒரு பக்கம் என்று வழக்கமான ஓட்டம். ஏழாம் நம்பர் ஓட்டுகிற அண்ணன் தங்கமான மனிதர். நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தமாட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தால், லென்ஸ் ஆர்டர் போடும் தளம் பாஸ்வேர்டு கேட்கிறது. காலியான கண்ணாடிக் கூடுகளுக்குள் துண்டுச் சீட்டுகளாக எழுதி வைத்திருக்கிறேன். எட்டுக் கூடுகளைத் திறந்து ஒரு சீட்டைப் பிடித்தேன். “பழையதேதான், கடைசியில் ஒன்று” என்று என் கையெழுத்து. எது பழையது? யாரைப் போய்க் கேட்பது?

தங்கச்சிக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவையே கட்டி மேய்க்கிறவள் அவள். “அக்கா, உனக்கு நாப்பத்திரண்டு வயசு. இன்னும் துண்டுச் சீட்டா? உன் மெயிலும் இதே கதிதானா?”

மெயில் என்றதும் மிச்சக் கூடுகளையும் அவசரமாகத் திறந்து பார்த்தேன். கண் பரிசோதனை மாலைநேரப் படிப்புக்கு நான் விண்ணப்பித்திருப்பது அவளுக்கும் இந்த நோட்டுக்கும் மட்டும்தான் தெரியும். கடையை ஒட்டிய அறையில் கண் பார்க்கிற எங்கள் டாக்டருக்குக்கூடச் சொல்லவில்லை. பதினாறு வருடமாக ஊரார் மூக்கில் பிரேம் மாட்டியாயிற்று. இனி நானே பார்வை சோதிக்க வேண்டும். முடிவு அந்த மெயிலுக்குத்தான் வரும்.

மார்ச் 5, புதன்

தங்கச்சி வந்து பெட்டி வைத்துக் கொடுத்துவிட்டாள்! போனில் ஒரு செயலி. நான் “பெட்டி” என்றுதான் சொல்வேன். எல்லா பாஸ்வேர்டுகளும் உள்ளே, மெயிலைக்கூட ஒவ்வொரு தடவையும் பெட்டி வழியாகத்தான் திறக்க வேண்டும். ஒவ்வொன்றும் பூனை கீபோர்டில் நடந்தது மாதிரி இருக்கிறது, அதை நான் நினைவில் வைக்கவே வேண்டாமாம்! பெட்டியைத் திறக்கும் சொல் ஒன்று போதும். தினமும் விரல் ரேகைக்கே திறக்கும், திங்கட்கிழமை மட்டும் முழுச் சொல்லையும் கேட்கும், அதைக் கொடுக்காவிட்டால் அப்புறம் விரலுக்கும் திறக்காது.

மொத்தம் முப்பத்தோரு கணக்குகள். நானா இத்தனை? கேக் செய்முறைத் தளத்தில் மட்டும் மூன்று தடவை சேர்ந்திருக்கிறேன்.

கிளம்பும்போது இரண்டு கட்டளை போட்டாள். “பெட்டிச் சொல்லை ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு பீரோவுல பூட்டு. மெயில்ல இருக்கிற பழைய போன் நம்பரை மாத்து. நாளைக்கேன்னு தள்ளிப் போடாதே.”

சரிடி, சரிடி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

தாளா? எனக்கு எதற்குத் தாள்! என் மூளையை நானே மெச்சிக்கொள்கிறேன். டாக்டர் அறையில் பார்வை சோதிக்கத் தொங்குகிற எழுத்து அட்டை இருக்கிறதே, அதன் கடைசி மூன்று வரிகளைப் பெட்டிச் சொல்லாக வைத்துவிட்டேன். இருபத்தோரு எழுத்து, அர்த்தம் கிடையாது, எந்தக் கொம்பனாலும் ஊகிக்க முடியாது. மறந்தால் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். ஒன்பது வருடமாக அங்கேயேதான் தொங்குகிறது. யாரும் மனப்பாடம் செய்துவிடக் கூடாதென்று டாக்டரே உட்கார்ந்து தயாரித்த அட்டை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

துண்டுச் சீட்டுகளை எல்லாம் சுக்குநூறாகக் கிழித்தேன். ஆகா, என்ன சுகம்!

மார்ச் 10, திங்கள்

பெட்டி கேட்டது. எட்டிப் பார்த்தேன், அடித்தேன், திறந்தது. நான் ஒரு மேதை.

மார்ச் 17, திங்கள்

அட்டை இல்லை.

இல்லவே இல்லை. அந்தச் சுவரில் வேறு எழுத்துகளோடு பளபளவென்று புது அட்டை. “இப்பல்லாம் வர்றவங்க எல்லாரும் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கிறாங்கம்மா, எனக்குச் சந்தேகமா இருந்தது,” என்கிறார் டாக்டர். பழசு? சனிக்கிழமையே குப்பை வண்டியில் போய்விட்டது. கம்ப்யூட்டரில்? “அந்தக் கம்ப்யூட்டரே செத்து நாலு வருஷம் ஆச்சே. ஏன்மா முகம் இப்படி வெளிறுது?”

ஒன்றுமில்லை டாக்டர் என்றேன். ஒன்றுமில்லையாம்!

பதினொரு மணிக்குக் கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி: “தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். மின்னஞ்சலில் உள்ள இணைப்பின் வழியே 21-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் உறுதிசெய்யவும்.” கிடைச்சிடுச்சு! எனக்குக் கிடைச்சிடுச்சு! பிரேம் அலமாரிக்குப் பின்னால் போய்க் குதித்தேன். குதித்து இறங்கும்போதுதான் உறைத்தது, மெயில் பெட்டிக்குள், பெட்டி பூட்டுக்குள், சாவி குப்பை வண்டிக்குள்.

மார்ச் 18, செவ்வாய்

மெயிலை வேறு வழியில் மீட்கலாமென்றால், குறியீடு நான் எப்போதோ தொலைத்த நம்பருக்குப் போகிறது. மாற்றச் சொன்னாளே பாவி மகள்! கல்லூரிக்குப் போன் போட்டேன். இணைப்பில் உறுதி செய்யாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடுமாம்.

தங்கச்சியிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. “பூட்டு நான் போட்டது, திறக்க என்னாலயும் முடியாதுக்கா. நல்லா யோசி, வந்துடும்.” யோசிக்கிறேன். முதல் வரி ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதில் பாதி. கடைசி வரியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து அடித்ததுதான் ஞாபகம், எழுத்து ஒன்றுகூட இல்லை.

மார்ச் 19, புதன்

நாற்பத்திரண்டு தடவை அடித்துப் பார்த்தேன். வயசுக்கு ஒன்று.

மார்ச் 20, வியாழன்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மாலை நாலு மணிக்கு ஏழாம் நம்பர் அண்ணன் வந்தார், வருடா வருடம் ஓட்டுநர்கள் வாங்க வேண்டிய பார்வைச் சான்றிதழுக்கு. நான் கதவோரம் நின்று, பிரேம் துடைக்கிற சாக்கில் என் விதியை நொந்துகொண்டிருந்தேன். “கடைசி மூணு வரியப் படிங்க,” என்றார் டாக்டர். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஒரே மூச்சில் இருபத்தோரு எழுத்தையும் ஒப்பித்தார்.

டாக்டர் அட்டையைப் பார்க்கிறார், அண்ணனைப் பார்க்கிறார். “எங்கய்யா இருக்கு அது?”

“அதோ, அங்கதானே சார்!”

அவர் காட்டிய புது அட்டையில் அந்த வரிகளில் ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் வரி எனக்குத் தெரியுமே! அது பழைய அட்டையின் வரி!

“அண்ணே! நிறுத்தாதீங்க! இன்னொரு தடவை, முதல்லேர்ந்து, மெதுவா!” லென்ஸில் புள்ளி வைக்கிற பேனாவால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எழுதினேன். போனில் அடித்தேன். திறந்தது! மெயிலுக்குப் போனேன், இணைப்பை அழுத்தினேன், “உறுதிசெய்யப்பட்டது” என்று வந்தது. அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். “அவர் தப்பாப் படிக்கிறாரு, நீ கொண்டாடுறே. ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?” என்றார் டாக்டர்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கண் தெரியாமலா இவ்வளவு நாள் ஓட்டினார்? அந்த பஸ்ஸில்தானே நான் தினமும் வருகிறேன்! குலுக்கிய கையை விட்டுவிட்டேன். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. “முன்னெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது சார். ரெண்டு வருஷமாத்தான் மங்கல், வருஷா வருஷம் படிச்சு மனப்பாடமான வரியச் சொல்லித்தான் சமாளிச்சேன். கண்ணாடி போட்டா வண்டியவிட்டு இறக்கிடுவாங்கன்னு...”

“போட்டா ஓட்டலாம்யா! போடாமத்தான் ஓட்டக் கூடாது!” டாக்டர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கண்ணாடி வரும்வரை ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். அவர் முகத்துக்குப் பிரேம் நானே தேர்ந்தெடுத்தேன்.

பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். “இப்ப நீ சொல்லு.” படிப்பு, பெட்டி, அட்டை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு, “அப்ப இங்க யாரு பிரேம் மாட்டுவா?” என்றார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. “வகுப்பு சாயங்காலம்தானே? அஞ்சு மணிக்குக் கிளம்பிக்க,” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மார்ச் 22, சனி

புதுப் பெட்டிச் சொல் வைத்தாயிற்று. தாளில் எழுதி இரண்டு கவர்களில் போட்டு, ஒன்று என் பீரோவில், ஒன்று தங்கச்சி பீரோவில். கவர் ஒட்டிய இடத்தில் அவள் கையெழுத்து வேறு போட்டாள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை! மெயிலில் போன் நம்பரையும் அவள் எதிரிலேயே மாற்றினேன். அட்டையை மாதம் ஒருமுறை மாற்றுவது இனி என் பொறுப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஜூன் 2, திங்கள்

முதல் வகுப்பு. புது நோட்டு, புதுப் பேனா, நாற்பத்திரண்டு வயதில் புது மாணவி.

ஐந்து மணிக்குக் கடையிலிருந்து இறங்கி நிறுத்தத்தில் நின்றேன். ஏழாம் நம்பர் தெருமுனையில் திரும்பியதும் வழக்கம்போலப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரானேன். தூரத்திலிருந்தே அண்ணன் என்னைப் பார்த்துக் கை காட்டினார். கண்ணாடி பளிச்சென்றது. கதவு சரியாக என் எதிரில் வந்து நின்றது.